பீலிக்கரையில் சொன்ன தீர்ப்பு

பள்ளிக்கூடங்கள் இரண்டாம் முறையாக மூடப்பட்டபோது, பதுளை நகரில் வாடகைக்கிருந்த அறையைப் பூட்டிவிட்டு, ஸ்பிரிங்வெளிக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டத்தில் அக்காவின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். வீடென்று சொல்வது பழக்கம். பன்னிரண்டு குடும்பங்கள் ஒரே கூரையின்கீழ் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் அது ஏழாவது அறை. முன்னால் ஓர் இடுக்கு, பின்னால் புகை படிந்த அடுப்படி, நடுவே அக்காவும் அவள் கணவரும் படுக்கும் இருட்டு. முன்னிடுக்கில் எனக்குப் பாய் விரித்தார்கள். நகரம் முடங்கிக் கிடந்தது, தோட்டம் முடங்கவில்லை. அக்கா காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்துவிட்டு, முகக்கவசத்தோடு கூடைக்கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு, மலையேறிக் கொழுந்து பறித்துவந்தாள்.

அவளுக்கு ஈளை நோய் இருந்தது. நான் ஆசிரியப் பயிற்சிக்குப் போன ஆண்டுகளில் அவள் தேயிலைத் தொழிற்சாலையில் தூள் சலிக்கும் அறையில் வேலை பார்த்தாள். மாலையில் திரும்பும்போது அவளுடைய இமைமயிரும் தூள்படிந்து பழுப்பாக இருக்கும். பிறகு கேட்டு வாங்கிக்கொண்டு மலைவேலைக்கு மாறினாள். ஆயினும் மூச்சு சீர்ப்படவில்லை. உறிஞ்சும் மருந்துள்ள நீலநிறப் பம்பொன்றை எப்போதும் முந்தானையில் முடிந்து வைத்திருப்பாள். ஏற்றத்தில் இரண்டு முறை, அடுப்பூதினால் ஒரு முறை, சிரித்தால் ஒரு முறை என்று அவள் நாளுக்கு ஒரு கணக்கு இருந்தது. அந்தப் பருவத்தில் என் அச்சமெல்லாம் அந்தப் பம்பைச் சுற்றியே இருந்தது.

லயத்துக்குக் கீழே, மலையூற்று நீர் குழாய்வழி வந்து விழும் இடத்துக்குப் பீலி என்று பெயர். மாலையில் வேலை முடிந்த ஆண்கள் அங்கேதான் குளிப்பார்கள். பெண்கள் குடத்துக்கு வரிசை நிற்பார்கள். அந்த ஆண்டு அங்கே கொரோனாவைத் தவிர வேறு பேச்சில்லை. மாணவரைப் பட்டிமன்றத்துக்குப் பழக்குவதும் நடுவராக அமர்வதும் இருபது ஆண்டுகளாக என் பணியின் ஒரு பகுதி. அதை அறிந்த அக்காவின் கணவர், நான் போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு, "ஒக்காரு மாப்ள, நீயே நடுவர்" என்றார். நான் அமர்ந்தேன். அமர்வதில் எனக்கு இன்பம் இருந்தது என்பதையும் இங்கே எழுதிவிட வேண்டும்.

எட்டாம் அறையில் குடியிருந்த ஓய்வுபெற்ற கங்காணி முதலில் எழுந்தார். எழுபத்தைந்தைக் கடந்தவர், குரல் மட்டும் இன்னும் பெரட்டுக் களத்துக் குரல்.

"வௌவாலத் திங்கிறாம் பாருங்க, அங்கேருந்துதான் வந்துச்சு. திங்கக் கூடாதத திண்ணா வயித்துல நிக்குமா? ஒலகமெல்லாம் வந்து நிக்குது."

"நீங்க முள்ளம்பன்னி திண்ணீங்க, காட்டுப்பன்னி திண்ணீங்க, மரத்துல போன மரநாயயும் விடல," என்றார் அக்காவின் கணவர். "ஒங்களால எந்த ஊருக்கு என்ன வந்துச்சு? இது மனுசன் செஞ்சதுங்க. லேப்புல செஞ்சு போத்தல்ல வச்சிருந்திருக்கான். மூடி கழண்டுக்கிச்சு."

"ஒனக்கு யாருப்பா சொன்னா?"

"போன்ல வந்துச்சு."

"போன்ல நேத்து எனக்கு லொத்தர் விழுந்திருக்குன்னுகூடத்தான் வந்துச்சு. எங்க காசு?"

குடத்துடன் நின்ற அக்கா இடைமறித்தாள். "எங்கேருந்து வந்தா என்னங்க? ஓட்டுக் கேக்க வந்தவனே நம்ம ரோட்டப் பாத்துட்டு பாலத்தடியில காரத் திருப்பிட்டான். கொரோனா மட்டும் ஏறி வந்துருமாக்கும்?" எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், சிரிப்பு இருமலாயிற்று, முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.

தோற்றுவாய் குறித்து நான் சொன்ன தீர்ப்பு நடுவர்க்குரியது. அறிஞர்களே இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. விலங்கிலிருந்து தாவியிருக்கலாம், ஆய்வுக்கூடத்திலிருந்து தப்பியிருக்கலாம். சான்று கிடைக்கும்வரை இரண்டில் எதையும் தள்ள இயலாது என்றேன். இரு தரப்பாருக்கும் அது சுவைக்கவில்லை.

"சரி, எங்கேருந்தோ வந்துட்டுப் போகட்டும்," என்றார் கங்காணி. "யார அடிக்கும்? அதச் சொல்லுங்க மாஸ்டர். ஏசி போட்டு ஒக்காந்திருக்குறவன அடிக்கும். நம்ம வெயில்லயும் மழையிலயும் அட்டக்கடியிலயும் கெடக்குற ஒடம்பு. நம்மளத் தொடாது."

இந்தக் கூற்றை மறுப்பதற்கு எனக்குச் சான்றுகள் இருந்தன. எவரையும் தொடும் என்றேன். எல்லோரையும் ஒருபோல வீழ்த்தாது என்றேன். முதியோரும் நுரையீரல் நலிந்தோருமே முதலில் வீழ்வர் என்று, மேடையில் சொல்வதுபோல ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னேன். முதியோர் என்றபோது கங்காணி தம்மைப் பற்றியதென்று எண்ணவில்லை. நுரையீரல் என்றபோது பீலிக்கரையில் நின்ற அத்தனை கண்களும் அக்காவின் பக்கம் திரும்பின. அவள் பம்பை மெல்ல முந்தானைக்குள் மறைத்தாள்.

மறுநாள் மாலையிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள்.

நோயாளியைப் பார்க்கப் போகாமலிருப்பது எங்கள் லயத்தில் பகைக்கு ஒப்பு. வெறுங்கையோடு போவது அதனினும் கீழ்மை. பிஸ்கட் பொதியோடும் தோடம்பழத்தோடும் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் இருவர் மூவராக வந்து, அக்காவின் கட்டில் விளிம்பில் அமர்ந்து, அவள் கையைப் பற்றிக்கொண்டார்கள். பேசுவதற்கு வசதியாக முகக்கவசத்தை நாடிக்கு இறக்கிக்கொண்டார்கள். இரண்டொருவர் அழவும் செய்தார்கள். காலையில் கூடையோடு மலையேறிவிட்டு வந்தவளுக்கு இந்த மரியாதை.

"நான் இன்னும் சாகவே இல்ல தம்பி," என்றாள் அக்கா, அவர்கள் போனபின். "அதுக்குள்ள பாதித் துக்கத்த முடிச்சிட்டுப் போறாளுக. மிச்சப் பாதிக்கு வேலை கொறைச்சல்."

அவர்களைக் காப்பதற்கென்று நான் சொன்ன சொல், அவளிருந்த பத்தடி அறைக்குள் ஒரு லயத்தின் மூச்சையெல்லாம் கொண்டுவந்து நிறைத்துவிட்டது. வாசலில் நின்று தடுத்தேன். "படிச்சவங்கன்னா இப்படித்தான், பாக்க வந்தவளப் பாத்து எட்டி நில்லுங்குறாரு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, என்னைத் தாண்டி உள்ளே போனார்கள். தூரம், காற்றோட்டம், தொற்று என்று எதை விளக்கினாலும், அவர்கள் கையிலிருந்த பிஸ்கட் பொதி அதற்கு விடையாக இருந்தது. நான்காம் நாள் எனக்கு அந்த எண்ணம் தோன்றியது.

அம்மை கண்டால் எங்கள் மக்கள் அதை நோயென்று சொல்வதில்லை. ஆத்தா வந்திருக்கிறாள் என்பார்கள். வாசலில் வேப்பிலை கட்டிவிட்டால் அயலார் எவரும் படியேறமாட்டார்கள். அரசின் அறிவிப்பாலும் என் விளக்கத்தாலும் ஆகாதது ஒரு கொத்து இலையால் ஆகும். எங்கள் உயரத்தில் வேம்பு வளர்வதில்லை. மகியங்கனைப் பக்கத்துச் சூட்டு நிலத்திலிருந்து பதுளைக் கோவிலடிப் பூக்கடைக்கு அது வரும். ஊரடங்கு தளர்ந்த ஒருநாளில் இறங்கிப் போனேன்.

கடை பாதி திறந்திருந்தது. பூக்காரர் என்னை உள்ளே அழைத்து, ஈரச்சாக்கில் சுற்றிவைத்திருந்த கொத்துகளைப் பிரித்தார்.

"தோட்டத்துக்கா மாஸ்டர்? அங்க எதுக்குங்க இதெல்லாம்? இந்தக் கொரோனா பணக்காரனக் கொல்றதுக்குன்னு எவனோ செஞ்சு விட்டது. ஒழைக்குற சனத்துக்கு வராது."

அரை மணிநேரம் அவரோடு வாதிட்டேன். முகக்கவசத்துக்குள் என் குரல் மழுங்கியது. சொல் முனை மழுங்கினால் எனக்குப் பொறுக்காது. கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அவர் கூற்றிலிருந்த பிழைகளை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துக்காட்டினேன். அவர் இடையிடையே இருமிக்கொண்டே தலையாட்டினார். இறுதியில், "நீங்க சொன்னாச் சரிதான்" என்று ஒப்புக்கொண்டார். வென்ற மகிழ்ச்சியோடு பேருந்தேறினேன்.

அக்காவிடம் நோக்கத்தை மறைக்கவில்லை. ஆட்கள் வராமலிருக்க ஒரு வேலி, அவ்வளவுதான் என்றேன். கேட்டுச் சிரித்தவள், நான் நிலைப்படியில் இலையைக் கட்டி முடித்ததும் சிரிப்பை நிறுத்தி, விளக்கேற்றி வைத்து, தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "சும்மா கட்டுனாலும் அது சும்மா இருக்குமா தம்பி?" என்றாள். அம்மை கண்ட வீட்டு முறைப்படி அன்றே அடுப்படியில் தாளிப்பு நின்றது. கங்காணி முற்றத்தில் நின்றபடி, "ஆத்தா வந்துருக்காளா மாஸ்டர்?" என்று கேட்டார். நான் ஆமென்று சொல்லவில்லை, மறுக்கவுமில்லை. ஒருவரும் வரவில்லை. நான்கு நாள் அந்த அமைதியில் என் அறிவை நானே மெச்சிக்கொண்டேன். இரண்டாம் நாள் தொண்டையில் ஒரு கரகரப்பு இருந்தது, கொத்தமல்லி அவித்துக் குடித்தேன், போய்விட்டது. ஒருவரிடமும் சொல்லவில்லை.

ஐந்தாம் நாள் அக்காவுக்குக் காய்ச்சல் கண்டது. மறுநாள் அவள் கழுத்தருகே இரண்டு சிவந்த தடிப்புகள். மூட்டைப்பூச்சிக் கடி என்றேன் நான். அவள் கணவர் அதைப் பார்த்ததும் பின்வாங்கிக் கைகூப்பினார். வாசலுக்கு வெளியிலிருந்து எட்டிப் பார்த்த கங்காணி, "ஆத்தா முத்துப் போட்டுட்டா" என்றார். நான் கட்டிய பொய்யின்மேல் இரண்டு புள்ளிகள் சாட்சியாக வந்து அமர்ந்தன.

அம்மை கண்ட உடம்புக்கு மருந்து ஆகாது. வீட்டை விட்டு வெளியே கொண்டுபோகலாகாது. இறங்கியபின் மூன்று முறை தலைக்குத் தண்ணீர் ஊற்றித்தான் வாசல் தாண்டலாம். இவையெல்லாம் எனக்குத் தெரியாதவையல்ல. இலையைக் கட்டியபோது வேண்டிய பாதியை மட்டும் நினைவில் எடுத்துக்கொண்டேன். மறுபாதி அவளை வந்து பிடித்துக்கொண்டது.

பம்பு, சாமி படத்தின் பின்னால் போயிருந்தது. எடுத்து நீட்டினேன்.

"வேணாம் தம்பி. ஆத்தா இருக்கப்ப அத வாயில வைக்கக் கூடாது."

"ஆத்தா வரலக்கா. நான்தான் கட்டுனேன். பதுளையிலேருந்து நான்தான வாங்கிட்டு வந்தேன்?"

"நீ கட்டுன. வந்தது அவதான். கூப்புட்டவன் நீதானடா, இப்ப போகச் சொன்னா எப்படி?"

அவள் கணவரிடம் முறையிட்டேன். அவர் நல்லவர்; அவளில்லாமல் அவருக்கு ஒரு நாளும் விடிந்ததில்லை. "ஆஸ்பத்திரிக்குத் தூக்குனா கோவம் கூடிரும் மாப்ள," என்றார். "ரெண்டு நாளு பொறு. எறங்கிருவா. தண்ணி ஊத்திட்டு நானே கூட்டிட்டுப் போறேன்." கங்காணியிடம் போனேன். எனக்குத் தெரிந்த எல்லாச் சான்றுகளையும் வரிசைப்படுத்தி முற்றத்தில் நின்று பேசினேன். பீலிக்கரையில் வாயை மூடாமல் எதிர்வாதம் செய்தவர், இப்போது ஒரு சொல்லும் பேசாமல், பெருமழையில் நனைபவனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாதிடும் எதிரியை வெல்ல எனக்குத் தெரியும். வாதிடாதவர் முன்னால் என்ன செய்வதென்று தெரியவில்லை.

அன்று மாலை இலையைப் பிய்த்து முற்றத்தில் எறிந்தேன். உள்ளேயிருந்து கட்டில் கிறீச்சிடும் ஒலி கேட்டது. அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தாள். முற்றத்தில் குந்தி, இலைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். ஒவ்வொரு தடவையும் நிமிர்ந்து மூச்சு வாங்கினாள். நிலைப்படிக்கு அவள் கை எட்டவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தாள். கையை நீட்டியபடி நின்றாள். எவ்வளவு நேரம் அப்படி நிற்க முடியும் அவளால்? நான் அந்தக் கொத்தை வாங்கி, பழைய இடத்தில் மறுபடி கட்டினேன். அவளை உட்கார வைப்பதற்கு அந்த நேரத்தில் எனக்கு வேறு வழி இருக்கவில்லை.

அதற்கு அடுத்த காலை அவளுடைய நகங்கள் நீலம் பாரித்திருந்தன. முதலில் கண்டவர் அவள் கணவர். அவரே கத்திக்கொண்டு தொலைபேசிக்கு ஓடினார். ஆத்தாவைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அம்புலன்ஸ் பாலத்தடிவரைதான் வரும் என்றார்கள். அது இரண்டு மைல் இறக்கம்.

அன்று வியாழக்கிழமை. வெலிமடைப் பக்கமிருந்து மரக்கறி கொண்டுவரும் முஸ்லிம் வியாபாரியின் சிறு லொறி, வழக்கம்போல லயத்தடி வளைவில் நின்றிருந்தது. அண்ணன் என்ற பொருளில் எல்லோரும் அவரை நானா என்றே அழைப்பார்கள். அந்தக் காலத்தில் நான் கண்ட மனிதரில் மிகுந்த எச்சரிக்கை உடையவர் அவர்தாம். இரட்டை முகக்கவசம், கையுறை, தராசுக்கும் ஆட்களுக்கும் நடுவே கட்டிய கயிறு. முந்திய வாரம்கூட ஒரு பெண், "நானா, ஒங்க லொறியிலதான் கொரோனா வருதாமே?" என்று சீண்டியபோது, "லீக்ஸ் கட்டுக்குள்ளதான் ஒளிச்சு வெச்சீக்கி. ரெண்டு கட்டு எடுத்தா ஒண்டு இனாம்" என்று சொல்லிச் சிரிக்க வைத்தவர்.

நாங்கள் இருவரும் அக்காவைப் போர்வையில் ஏந்தி இறங்குவதைக் கண்டதும், அவர் தராசைக் கீழே வைத்தார். லொறியின் பின்கதவைத் திறந்து, லீக்ஸ் கட்டுகளையும் கரட் மூட்டைகளையும் பாதையோரத்தில் இழுத்துப் போட்டார். போர்வையின் ஒரு முனையைத் தாமே பிடித்துத் தூக்கினார். லயத்தார் மேலே வரிசையாக நின்று பார்த்தார்கள். பார்க்க வராதே என்று நான் மன்றாடிய நாள்களில் கட்டில்வரை வந்தவர்கள், கை வேண்டியிருந்த அன்று முற்றத்தைத் தாண்டவில்லை. குறை சொல்ல எனக்கு நாவில்லை. அந்த எல்லையைக் கட்டியவன் நான். பாலத்தடியில் அவளை மாற்றி ஏற்றும்போது, அக்கா மூச்சுக்கு நடுவே, "கதவுல இருக்குறத எடுத்துறாத" என்றாள். அவளிடமிருந்து நான் கேட்ட கடைசிச் சொல் அது. உடன்செல்ல எவரையும் விடவில்லை.

எனக்கும் அவள் கணவருக்கும் தொற்று இருப்பதாகப் பரிசோதனையில் தெரிந்தது. எனக்குச் சுவை மட்டும் போயிற்று, அவருக்கு உடல்வலி. அறைக்குள்ளேயே அடைபட்டுக் கிடந்தோம். ஆறாம் நாள் முற்பகலில் தொலைபேசியில் அழைத்தவர், சிங்களம் கலந்த தமிழில், அவசரப்படாமல் செய்தியைச் சொன்னார். எரியூட்டுவதற்கு எங்களால் போக முடியாதென்பதையும் அவரே சொன்னார். அவள் கணவர் என்ன என்று கேட்கவில்லை. எழுந்துபோய், படத்தின் பின்னாலிருந்த பம்பை எடுத்து, ஒருமுறை அழுத்திப் பார்த்தார். மருந்து சீறி வந்தது. முக்கால்வாசி மிச்சமிருந்தது.

வெளியே வர அனுமதித்தபின் பதுளைக்குப் போனேன். பூக்கடை மூடியிருந்தது. பூக்காரர் வீட்டில் ஐவருக்கும் தொற்று என்றார் அடுத்த கடைக்காரர். நான் வேப்பிலை வாங்கிய வாரத்திலேயே அவருக்குக் காய்ச்சல் இருந்ததாம். இது முடிவான சான்றாகாது. வேறு வழியாகவும் வந்திருக்கலாம். அக்காவின் கையைப் பற்றியவர் எத்தனையோ பேர். நடுவராக இருந்தால் அப்படித்தான் சொல்வேன். ஆனால் தொண்டைக் கரகரப்பும், கொத்தமல்லி நீரும், ஐந்தாம் நாள் காய்ச்சலும் எனக்குத் தெரியும்.

அன்று மாலை பீலிக்கரையில் பேச்சு மீண்டும் தொடங்கியிருந்தது. வௌவாலும் ஆய்வுக்கூடமும் கைவிடப்பட்டிருந்தன. இப்போது கேள்வி, நம் லயத்துக்கு எப்படி வந்தது என்பது.

"வாரா வாரம் வெளியேருந்து ஏறி வர்ற ஆளு யாரு? நானா ஒருத்தர்தான்," என்றார் கங்காணி. "வளைவுலயே கயித்தக் கட்டிட்டோம் மாஸ்டர். இனி லொறி மேல வராது."

நான் அங்கிருந்த எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்: அவர் கொண்டுவரவில்லை, நான் கொண்டுவந்தேன். பூக்கடையை, அரை மணிநேர வாதத்தை, கழற்றிய முகக்கவசத்தை, மறைத்த கரகரப்பை, ஒன்றும் விடாமல் முறையாகச் சொன்னேன். என் வாழ்நாளில் அதனினும் தெளிவாக எதையும் நான் எடுத்துரைத்ததில்லை.

அக்காவின் கணவர் நிறைந்த வாளியை நகர்த்திவிட்டு, அடுத்ததை வைத்தார்.

"விடுங்க மாஸ்டர்," என்றார் கங்காணி, மிகுந்த பரிவோடு. "துக்கத்துல மனுசன் என்னென்னமோ சொல்லுவான். நீங்க வேப்பல வாங்கத்தான போனீங்க? ஆத்தா காரியமாப் போனவனுக்கு அப்படி வருமா?" மற்றவர்கள் ஆமாமென்றார்கள். ஒரு பெண் என் தோளிலிருந்த துண்டைச் சரிசெய்து விட்டாள்.

மறு வியாழக்கிழமை வளைவுக்கு இறங்கினேன். நானா கயிற்றுக்கு அப்பால் லொறியை நிறுத்தித் தராசை இறக்கிக்கொண்டிருந்தார். அவரிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்ததும் கையுறையைச் சரிசெய்துகொண்டார்.

"இத ஏன் மாஸ்டர் எனக்குச் செல்றீங்க? மேல ஈக்கிறவங்களுக்குச் செல்லுங்க."

"சொன்னேன் நானா. நம்பமாட்டேங்குறாங்க."

அவர் கயிற்றைப் பார்த்தார். பிறகு, அன்று அக்காவுக்காக அவர் இறக்கிப்போட்ட லீக்ஸ் கட்டுகள் பாதையோரத்தில் யாரும் தொடாமல் அழுகிக் கிடந்ததைப் பார்த்தார்.

"அப்ப நான் என்னதான் செய்ய?" என்றார்.

பெண்கள் கூடைகளோடு மேலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். கயிற்றுக்குப் பத்தடி முன்பாகவே, நானாவைப் பார்த்து முகக்கவசத்தை மேலேற்றியபடி, ஒவ்வொருத்தியாக நின்றார்கள்.